விளிம்பில் வெட்டிய பெயர்

லைனில் காத்திருங்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று அந்தப் பெண் இந்தியில் மறுபடியும் சொன்னாள், பிறகு மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன புல்லாங்குழல். வாழவந்தான் லைனில்தான் இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார், இடது காதில் போன், வலது கை கண்ணாடிக் கதவின் பித்தளைக் கைப்பிடியில், கடை திறந்ததிலிருந்து இப்படித்தான் நிற்கிறார். முக்கியமானதாம். முக்கியமாக இருந்தால் எடுத்துப் பேச வேண்டியதுதானே, புல்லாங்குழல் எதற்கு. மாசி வீதியில் இருக்கிற அத்தனை ஜவுளிக்கடைகளிலும் தன் கடை வாசலில்தான் நிஜப் பட்டாளத்துக்காரர் நிற்கிறார் என்று முதலாளிக்கு ஒரு பெருமை, அந்தப் பெருமைக்காக மெரூன் நிறத்தில் ஒரு கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம், வெள்ளைக் கையுறை, விசிறி வைத்த தலைப்பாகை. வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அதிகாரிகளுக்கு அடித்ததைக் கூட்டினாலும் இந்த ஒரு தீபாவளி சீசனில் ஜாக்கெட் பிட்டு வாங்க வந்தவர்களுக்கு அடித்த சல்யூட்டுக்குப் பக்கத்தில் வராது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பஞ்சவர்ணத்துக்கும் அவருக்கும் சண்டைதான் மிச்சம், சல்யூட்டில் என்ன குறைந்துவிடப் போகிறது, கை ஒன்று மேலே போய்க் கீழே வருகிறது, அவ்வளவுதானே. பொறுக்க முடியாமல் போனது மெடல்களைத்தான். நாடகத்துக்கு டிரஸ் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து மேனேஜர் நாகசுந்தரம் வாங்கி வந்த ஒரு கொத்துத் தகர மெடல். ஒன்றில் கழுகு, ஒன்றில் எந்த நாட்டு ராஜாவோ, ஒன்றில் இங்கிலீஷில் முதல் பரிசு என்றே போட்டிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டத்துக்குக் கொடுத்ததோ. தினமும் காலையில் நாகசுந்தரம் அதை அவர் நெஞ்சில் குத்துவதும், நாகசுந்தரம் மாடிக்குப் போனதும் அவர் கழற்றிப் பேன்ட் பைக்குள் போடுவதுமாக ஆடி மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதும் பைக்குள்தான் கிடக்கின்றன, கதவை இழுக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்றின் ஊசி தொடையில் சுருக்கென்று ஏறுகிறது.

நேற்றுச் சாயங்காலம் நாகசுந்தரம் கணக்கை முடித்துவிட்டான். பாவம், அவனும் நல்லவன்தான். "அண்ணே, நாளைக்கு ராகுகாலம் கழிச்சு முதலாளி வர்றாரு, கல்யாணப் பட்டு செக்ஷன் புதுசாத் தொறக்குறாங்க, போட்டோக்காரன் வர்றான். உங்க நெஞ்சு மொட்டையா இருந்தா என்னையத்தாண்ணே கேப்பாரு. உங்ககிட்ட ஒரிஜினல் இருக்குன்னு நீங்களும்தான் ஆடி மாசத்துலருந்து சொல்றீக. இருந்தா அதைக் குத்திக்கிட்டு வாங்க, நானே உங்களுக்கு ஒரு சல்யூட் அடிக்கிறேன். இல்லைன்னா இதைக் குத்துங்க. ரெண்டுல ஒண்ணு. மொட்டையா நிக்கிறதுன்னா நாளையோட நின்னுக்கங்க." இருந்தா என்றானே, அந்த ஒரு வார்த்தை ராத்திரி பஸ்ஸில் திருப்புவனம் வரைக்கும் கூடவே வந்தது, சாப்பிடும்போது இலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. இருக்கிறது. மூன்று இருக்கிறது. பனிமலையில் இருந்ததற்கு ஒன்று, குண்டுச் சிதறல் பட்டதற்கு ஒன்று, அத்தனை வருஷமும் ஒரு கெட்ட பெயர் வாங்காமல் இருந்ததற்கு ஒன்று. ஆனால் மூன்றும் அவருடையது இல்லை, பல்வந்துடையது. பல்வந்த் என்பவர் யார் என்றால் அவரேதான். இதை நாகசுந்தரத்துக்கு எப்படிச் சொல்வது. சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பான். இப்போது போனில் புல்லாங்குழல் ஊதுகிற பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸ் அப்படிச் சொல்லவில்லை, அந்த வரைக்கும் மரியாதை, ஆனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, சுங்கடிச் சேலை எந்த மாடி?" வெயிலில் வந்த இரண்டு பெண்கள். மூணாவது மாடிம்மா, லிப்ட்டு அந்தா இருக்கு. கதவு, சல்யூட், தொடையில் ஊசி. புல்லாங்குழல் நின்றது, போனைக் காதோடு அழுத்தினார், இல்லை, லைனில் காத்திருங்கள்தான். இந்தக் குரலுக்கு உரியவள் எந்த ஊர்க்காரியோ, ஏதோ ஒரு நாள் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இங்கே ஒருவன் தினமும் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். ஆட்சேர்ப்பில் கேட்டபோது பெயரைச் சரியாகத்தான் சொன்னார். அங்கே இருந்தவர் தமிழர், இங்கிலீஷில் வாலவந்தான் என்று வருகிற மாதிரியாவது எழுதினார், அதனால் பென்ஷன் அந்தப் பெயரில் வருகிறது. வடக்கே பட்டாலியனில் போய் இறங்கிய முதல் நாள்தான் கோளாறு. மீசை வைத்த ஹவில்தார் கிளார்க், நல்ல மனுஷன், ரொட்டி கடித்துக்கொண்டே கேட்டார், க்யா, வலவ, க்யா, பலவந்த, அச்சா பல்வந்த், டீக் ஹை. டீக் ஹை என்றால் சரி என்று அர்த்தம். எது சரி. ஒரு வாய் ரொட்டிக்கும் அடுத்த வாய் ரொட்டிக்கும் நடுவில் ஒரு மனுஷனை மாற்றி எழுதிவிட்டு டீக் ஹை. பத்தொன்பது வயசுப் பையன் அங்கே என்ன பேச முடியும், இந்தியில் அவருக்குத் தெரிந்ததே தண்ணீரும் சோறும்தான். அப்புறம் பரேடில் பல்வந்த், மெஸ்ஸில் பல்வந்த், காவலில் பல்வந்த், கூப்பிட்டால் ஹாஜிர் சாப், இருக்கிறேன் ஐயா, என்று இவரும் கத்தினார். கத்தியது தப்பா. கத்தாவிட்டால் முட்டி போட்டு மைதானத்தைச் சுற்றச் சொல்வார்கள். பட்டாலியன் பட்டியலில் இருந்துதான் மெடலுக்குப் பெயர் போகும், அதில் பல்வந்த் போனான். பென்ஷனுக்கு வாலவந்தான் போனார். ஒரே நம்பர், ஒரே உடம்பு, இரண்டு ஆள். கடிதம் எழுதிக் கேட்டால் வாலவந்தானுக்கு மெடல் எதுவும் இல்லை என்று பதில், பல்வந்தின் மெடலைக் கேட்டால் அப்படி ஒருவர் பென்ஷன் வாங்கவில்லையே என்று பதில். பஞ்சவர்ணம் சிரிக்கிறாள். "அந்தப் பல்வந்து ஒரு நாளாச்சும் வீட்டுக்கு வந்து ரேஷன் அரிசியைத் தூக்கிட்டு வரட்டும், அவனுக்கும் சேத்துப் பொங்குறேன்." சிரிப்பதற்கு அவளுக்கு ஏதாவது வேண்டும்.

பக்கத்துப் பாத்திரக்கடையில் மிஷின் கிர்ரென்று ஆரம்பித்தது. காஜா பாய் பேர் வெட்டுகிறார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அந்தச் சத்தம்தான், கல்யாணச் சீர் வாங்குகிறவர்கள் குடத்திலும் தட்டிலும் தூக்குச்சட்டியிலும் பேர் வெட்டாமல் போவதில்லை, ஐந்து ரூபாய் டம்ளரைக்கூடத் திருப்பிப் பார்த்தால் யாரோ ஒரு மாமன் பெயர் இருக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தம் பல்லைக் கூசியது, இப்போது அது நின்றால்தான் ஏதோ குறைகிறது. அவருடைய கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடமும் இந்தத் தெருவில்தான் வெட்டியது, அப்போது காஜா பாயின் அத்தா உட்கார்ந்திருந்தார், பேரைச் சொன்னதும் தலையைத் தூக்காமல் கேட்டார், கொம்பு ழ-வா, பெரிய ள-வா. அவ்வளவுதான், ஒரு பீடி பிடிக்கிற நேரம், வாழவந்தான் - பஞ்சவர்ணம் என்று குடத்தின் கழுத்தில் ஏறிவிட்டது, இத்தனை வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் ஒரு புள்ளி அழியவில்லை. குடத்துக்கு இருக்கிற மரியாதை. இதை யாரிடம் போய்க் கேட்பது. மிலிட்டரி மெடலிலும் பேர் உண்டு, பலருக்கு அது தெரியாது, முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது, விளிம்பில், நாணயத்தின் ஓரம் மாதிரி இருக்கிற அந்த ஓரத்தில், நம்பரும் பேரும் சின்ன எழுத்தில் வெட்டியிருப்பார்கள். விரலால் சுற்றித் தடவினால் தட்டுப்படும். சுபேதார் ஒருவருடையதை அவர் கையில் வாங்கி அப்படித் தடவிப் பார்த்திருக்கிறார், ஒரு முழுச் சுற்று. அவருடைய மூன்றிலும் இப்போது என்ன வெட்டியிருக்கும் என்று நினைத்தால் விரல் நுனி கூசுகிறது.

ழ ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்றுதான் ஒரு காலத்தில் அவரும் நினைத்தார். மதுரைப் பக்கம் யாருக்கு ழ வருகிறது. அம்மாவுக்கே வராது, வாளவந்தான் என்றுதான் கூப்பிடுவாள், பஞ்சவர்ணமும் அப்படித்தான், பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குக் கோபம் வந்தால். அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள், ஒன்று பேறு காலத்திலேயே, ஒன்று அம்மை வார்த்து, ஒன்று என்னவென்றே தெரியாமல். நாலாவதாக இவரைக் கையில் கொடுத்தபோது அம்மா பேர் வைக்க யாரையும் கேட்கவில்லை, ஐயரையும் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை, இவன் வாழ வந்தவன் என்று சொல்லிவிட்டாள், அதையே பேராகக் கூப்பிட்டாள். நாக்கு ள-வில் போய் விழுந்தாலும் அவள் சொன்னது வாழ்வைத்தான். தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு உயிரை உடம்போடு இறுக்கிக் கட்டினாள் என்றே அவருக்குத் தோன்றும். பல்வந்துக்கும் அர்த்தம் இருக்கிறதாம், பலசாலி என்று அர்த்தமாம், ஒரு பஞ்சாபிக்காரன் சொன்னான், நல்ல பேர்தானடா என்றான். நல்ல பேர்தான். யார் இல்லை என்றது. அடுத்தவன் சட்டையும் நல்ல சட்டைதான்.

"தாத்தா, செருப்பு வெளிய விடணுமா?" இல்லப்பா, போட்டுட்டே வரலாம். கதவு, சல்யூட். தாத்தாவாம். நாகசுந்தரம் மாடிப்படி வளைவில் நின்று எட்டிப் பார்க்கிறான், கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறான், மெடல் என்கிறான், பிறகு காதைத் தொட்டுக் காட்டுகிறான், போன் என்கிறான், இரண்டு குற்றம். வேலை நேரத்தில் போன் பேசக் கூடாது. பேசவில்லையே, காத்திருக்கிறேன். வாழவந்தான் வேட்டி விளம்பரப் பொம்மைக்குப் பின்னால் அரை அடி நகர்ந்துகொண்டார். பொம்மை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சரிகை அங்கவஸ்திரத்தோடு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறது, அதற்கு ஒரு கவலையும் கிடையாது, அதன் பேர் என்ன என்று யாரும் கேட்கப் போவதில்லை. இடது தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், உள்ளே இன்னும் ஒரு துண்டு இருக்கிறது, எடுக்காமல் விட்டதே நல்லது என்றார் டாக்டர். எந்த மலை, எந்த வருஷம் என்று இங்கே சொல்லி என்ன ஆகப் போகிறது, கேட்கிறவர்களுக்கு எல்லாப் பனியும் ஒரே பனிதான். விடிகிற நேரம், தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஏறும்போது குண்டு விழுந்தது. வலி தெரியவில்லை, வெள்ளையாக ஒரு அமைதி. பனியில் முகம் புதைந்து கிடந்தபோது ஊரில் இருந்தார், கண்மாய்க் கரையில் இருந்தார், யாரோ தூரத்தில் எவனையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல்வந்த், பல்வந்த். பாவம் யாரோ ஒருத்தன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார். நிஜமாக அப்படித்தான் நினைத்தார். பல்வந்த், ஹாத் ஹிலாவ், கையை ஆட்டு. எவனோ ஒரு பல்வந்த், கையை ஆட்டித் தொலையேன்டா, எவ்வளவு நேரம் கத்துவான் அவன். குரல் கிட்டே வந்தது, பிறகு தூரப் போனது, வேறு பக்கம் தேடிப் போகிறார்கள். அவர்கள் தேடியது அவரைத்தான், அது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு வருஷம் ஹாஜிர் சாப் என்று கத்திய வாய், செத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேரைத் தெரியாது என்றுவிட்டது. அப்புறம் அவர் அம்மா என்று முனகியதைக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்ததோ என்னவோ, திரும்பி வந்து காலைப் பிடித்து இழுத்தார்கள்.

இதைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து எழுதாமல் விட்டார். எழுத இடம் கிடையாது. பெயரில் உள்ள பிழை, சரியான பெயர், ஆதாரம், கையெழுத்து, இவ்வளவுக்குத்தான் இடம். அடிபட்டவன் பல்வந்த் இல்லை ஐயா, அவனைக் கூப்பிட்டபோது அங்கே ஆளே இல்லை, கிடந்தது நான் என்று எழுதினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது. ராத்திரியில் முழிப்பு வந்தால் ஒரு பயம் வரும். சர்க்கரை இருக்கிறது, தோளில் இரும்பு இருக்கிறது, எந்த நாளும் எதுவும் ஆகலாம். முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து மலர் வளையம் கொண்டுவருவார்கள், எவனாவது விவரமான செயலாளர் ரெக்கார்டைப் பார்த்து அதில் பல்வந்த் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது. பஞ்சவர்ணத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, வாங்கி நெஞ்சில் வைத்துவிடுவாள். எழுந்து சொல்லவும் முடியாது. மறுபடியும் அதே பனி, எவனையோ கூப்பிடுகிற அதே குரல். போன வருஷம் ஒரு மாதிரி வழி திறந்தது. இருவரும் ஒருவர்தான் என்று ஒப்புக்கொண்டாயிற்று, கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள், மேலே என்றால் எவ்வளவு மேலே என்று தெரியவில்லை, போன வாரம் பேசியபோது இன்றைக்குக் கூப்பிடுங்கள், முடிவு தெரிந்துவிடும் என்றார்கள். அதனால்தான் இந்தப் புல்லாங்குழல். அதனால்தான் நாகசுந்தரத்தின் முறைப்பு. வேறு நாள் கிடைக்கவில்லை பார், அவர்களுக்கும் முதலாளிக்கும்.

தெருவில் கூட்டம் விலகுகிறது, யாரோ ஒதுங்குங்க ஒதுங்குங்க என்கிறார்கள், வெள்ளைக் கார் முனையில் திரும்பி நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆரன் அடிக்கிறது. ராகுகாலம் கழிந்துவிட்டது போல. நாகசுந்தரம் தடதடவென்று இறங்கி வந்தான், வேர்த்திருந்தது. "அண்ணே, கார் வந்துருச்சு. எடுத்துக் குத்துங்கண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்." பையில் கையை விட்டார், கழுகு கையில் வந்தது, ராஜா வந்தார். அந்த நேரம் பார்த்துப் புல்லாங்குழல் நின்றது. இது பெண் குரல் இல்லை.

"ஹலோ, ஹவில்தார்... வாழவந்தான்?"

வாழ. நாக்கு உள்ளே மடங்கி, சரியான இடத்தில் தொட்டு, வழுக்கி வந்த ழ. கையில் இருந்த கழுகு எங்கேயோ விழுந்தது. பட்டாளம் என்று ஒன்று அவர் வாழ்க்கையில் வந்த நாளிலிருந்து அதன் வாயிலிருந்து இந்தச் சத்தம் வந்ததே இல்லை. கண்ணில் என்னவோ முட்டியது, சே, வயசாகிவிட்டது, ஒரு எழுத்துக்கு அழுவார்களா. "ஆமா. நாந்தான். நீங்க தமிழா?"

"மலையாளியாக்கும் சாரே, பாலக்காடு. தமிழ் கொஞ்சம் வரும். ஞங்ஙளுக்கும் ழ உண்டல்லோ. நல்ல பேராணு. ஒரு நல்ல சேதி உண்டு. ஆர்டர் வந்து. ரெக்கார்டுல பேர் திருத்தியாச்சு."

"திருத்தியாச்சா."

"திருத்தியாச்சு. மெடலு மூணும் உங்க பேர்லதான். ஆனா ஒரு விஷயம் சாரே." குரல் தணிந்தது, கெட்டதைச் சொல்லப் போகிறவன் தணிகிற அளவுக்கு. "மெடலு மூணும் அந்தக் காலத்துலயே அடிச்சு வந்து இங்க பெட்டியில கிடக்கு. ஓரத்துல பேர் வெட்டியிருக்கு."

"பல்வந்த்."

"அதே. இப்ப ரெண்டு வழி. இது போதும்னு சொன்னா நான் இன்னைக்கே பார்சல் போடுறேன், தீபாவளிக்கு முன்ன கையில கிட்டும். ஓரம் ஆரு பாக்குறா, நெஞ்சுல குத்துனா முன்பக்கம் மட்டுந்தான் தெரியும். இல்ல, சரியான பேர்ல வேணும்னா இதைத் திருப்பி அனுப்பி, புதுசா அடிச்சு, பேர் வெட்டி வரணும். அது எப்ப வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன் சாரே. ஆறு மாசம் ஆகும், மூணு வருஷமும் ஆகும். நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கிறேன்."

தீபாவளிக்கு முன்னால். இன்றைக்கு நாகசுந்தரத்திடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டால் கொடுப்பான், நிஜ மெடல் பார்சலில் வருகிறது என்று முதலாளியிடம் அவனே சொல்வான், வேலை நிற்கும், போட்டோகூட எடுப்பார்கள். ஓரம் யார் பார்க்கிறார்கள், உண்மைதானே. பக்கத்துக் கடையில் மிஷின் கிர்ரென்கிறது. காஜா பாயிடம் கொடுத்து ராவி எடுத்துவிட்டு வெட்டச் சொன்னால் என்ன, ஒரு பீடி நேர வேலை, கொம்பு ழ-வா என்று மட்டும் கேட்பார். சீ, மெடல் என்ன தூக்குச்சட்டியா, ராவிய தடம் விளிம்பில் பள்ளமாக இருக்கும், தடவுகிற விரலுக்குத் தெரியும், பள்ளத்துக்கு அடியில் பல்வந்த் இருந்துகொண்டேதான் இருப்பான். மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் சர்க்கரை என்ன செய்யும், தோள் என்ன செய்யும். இருந்தால்தானே குத்திக்கொள்வதற்கு. வாங்கிக்கங்களேன், இந்த வயசுல என்ன வீம்பு என்று பஞ்சவர்ணத்தின் குரல். கையை ஆட்டித் தொலையேன்டா என்று பனியில் அவர் எவனையோ திட்டிய குரல். கண்ணாடிக்கு வெளியே கார்க் கதவு திறந்தது, வெள்ளை வேட்டி இறங்கியது, பின்னால் கேமராவோடு ஒருவன். முதலாளி இந்தக் கதவைத் தன் கையால் திறந்து யாரும் பார்த்ததில்லை. வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார், திறக்கும் என்கிற நம்பிக்கையோடு, லேசாகச் சிரித்தபடி, பக்கத்தில் நிற்கிற பொம்மை மாதிரியே.

"அதை அனுப்பாதீங்க தம்பி," என்றார் வாழவந்தான். "என் பேரை வெட்டி அனுப்புங்க."

"நிச்சயமா சாரே? பின்ன மாத்த முடியாது."

"நிச்சயம்."

"அப்ப ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்கோ. ஒண்ணு தப்பினாலும் அப்படியே வெட்டிடுவாங்க."

நாகசுந்தரம் கதவுக்குப் பாய்ந்தான். பையிலிருந்து கைப்பிடிக்குத் திரும்பியிருந்த வலது கையை வாழவந்தான் எடுக்கவில்லை. வெள்ளைக் கையுறைக்குள் அது இரும்பாக இறுகியிருந்தது, இத்தனை வயசுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வி என்றார். ஏ என்றார். "அண்ணே, முதலாளிண்ணே," என்று நாகசுந்தரம் காதுக்குள் அழுதான். இஸட், என்று சொல்லிவிட்டு நிறுத்தி, ஹெச், என்றார், அங்கே அவன் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார், இவ்வளவு நேரம் அவர் காத்திருக்கவில்லையா, கொஞ்சம் மற்றவர்களும் காத்திருக்கட்டும். ஏ. மறுபடி வி. வெளியே முதலாளியின் சிரிப்பு மெல்ல இறங்கியது, கேமராக்காரன் கேமராவைத் தாழ்த்தினான், லிப்ட் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏ. என். டி. ஏ. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது, தோளுக்குள் இருந்த துண்டு நெருப்பாகச் சுட்டது, ஆனால் ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. என். அவ்வளவுதான்.

"ஒரு தடவை வாசிக்கிறேன் சாரே," என்றான் பாலக்காட்டுப் பையன். எழுத்துகளை வாசித்துவிட்டு, கேட்காமலே கடைசியில் முழுப் பேரையும் சேர்த்துச் சொன்னான். "வாழவந்தான்."

"ஹாஜிர் சாப்," என்றார் அவர், மெதுவாக, தன்னை அறியாமல்.

போனைப் பைக்குள் போட்டார், மிச்சம் இருந்த தகரத்தோடு அது இடித்துக்கொண்டது. கதவை முழுசாக இழுத்துத் திறந்தார். பிறகு அடித்தார் ஒரு சல்யூட், குதிகால் சேர, முழங்கை தோள் மட்டத்துக்கு, ஜவுளிக்கடை வாசல் இதுவரைக்கும் பார்த்திராத சல்யூட். முதலாளி அந்தக் கையைப் பார்த்தார், வெறும் மெரூன் துணியாக இருந்த நெஞ்சைப் பார்த்தார். பக்கத்தில் காஜா பாயின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க வாளவந்தான், மெடலெல்லாம் எங்க?"

கையை இறக்காமல், நேராகப் பார்த்து, அவர் சொன்னார்.

"பேர் வெட்டக் குடுத்திருக்கு, முதலாளி."